மலரை அணுகிக் காண்போம்

குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் 99 மலர்களை நிரல்படக் கூறியுள்ளார். அப்பெயர்களைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவரை நாம் பாராட்டுகின்றோம். ஆயின், அவற்றுட் பத்து மலர்களையேனும் இன்னதென்று சுட்டிக்காட்ட வல்லார் நம்மிடையே எத்துணைப் பேர்? பெயர் நாவில் நிற்க, மலர் வேலியில் வாடுகின்றது. இக்குறையைப் போக்குதற்கு, வீட்டு வளவிற் பூக்கும் மலர்களை அணுகி நிழற்படம் எடுத்தல் நல்லதொரு வழியென்பது நம் கருத்து.

கருவிளையை எடுத்துக்கொள்வோம். நாம் சங்குப்பூ என வழங்கும் நீலமலரே அது. நற்றிணைச் செய்யுளொன்று அதனைக் கண்ணுக்கு ஒப்பிட்டு, வாடையில் அது அசைதலுக்கு ஆடுமயிலின் பீலியை உவமை கூறுகின்றது. வகுப்பறையில் எத்துணை விரித்துரைப்பினும் இவ்வுவமை எளிதில் உள்ளத்திற் பதிவதில்லை. அம்மலரை ஒரு சாண் அண்மையிற் படமெடுத்துப் பெருக்கிக் காட்டினால், நீலத்தின் நடுவே வெண்மையும் இளமஞ்சளும் கலந்த பொட்டும், அதிலிருந்து விரியும் நரம்புகளும் புலப்படும். புலவர் கண்ணையும் பீலியையும் நினைந்தது ஏன் என்பது உரை வேண்டாமலே விளங்கும். அவரை, பயறு முதலியவற்றின் பூக்களில் மேலே நிமிர்ந்து நிற்கும் பேரிதழ், இதிலே கீழ்ப்புறம் அமைந்திருத்தலையும் மாணவர் தாமே காண்பர்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை, கைத்தொலைபேசியே போதும். வேண்டுவது பொறுமை. அணுகுந்தோறும் ஓரிடம் தெளிய மற்றோரிடம் மங்கும். ஆதலின் மகரந்தமோ இதழ்நுனியோ, காட்டற்குரியது யாதென்று முன்னரே துணிதல் வேண்டும். கச்சான் வீசும் மாதங்களிற் பகலிலே பூ நிலைகொள்ளாது. வாவி அசையாதிருக்கும் விடியற்பொழுதே ஏற்றது. பூவைக் கொய்தல் ஆகாது.

கைத்தொலைபேசி மாணவரைக் கெடுக்கின்றதென்பார் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், கருவி செல்வது கை செலுத்தும் வழியே. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் (1892-1947) விஞ்ஞானப் பட்டமும் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். தமிழ்ப் புலமையோடு கணிதத்தையும் பௌதிகத்தையும் இயைத்தே யாழ்நூலை ஆக்கினார். அவர் பிறந்த மண்ணிலே தமிழும் அறிவியலும் தனித்தனியே நிற்றல் முறையன்று.

ஆதலின், கல்லூரி நூலகத்தில் மலர்ப்படத் தொகுதியொன்றைத் தொடங்குதல் வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் இலக்கியப் பெயர், ஊர் வழக்குப் பெயர், பூத்த மாதம் என்னும் மூன்றும் எழுதப்படுக. ஊர் வழக்குப் பெயரை வீட்டிலுள்ள மூத்தோரிடமே கேட்டறிதல் வேண்டும். பூ மறுபருவத்திலும் பூக்கும். மூத்தோருடன் மறையும் பெயரை எக்கருவியாலும் மீட்டல் இயலாது.