மூன்றெழுத்துப் பூதம்

இங்கிலீஷ் பாஷையில் நீண்ட நீண்ட சொற்களைக் கண்டால் நம்மவர்கள் மிரளுவது வழக்கம். அது வீண் பயம். பன்னிரண்டு எழுத்துள்ள சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பொருள்தான் இருக்கும். அகராதியை ஒரு தடவை புரட்டினால் அதன் கதை தீர்ந்துவிடும். ஆபத்தெல்லாம் மூன்றெழுத்துச் சொற்களிடத்தில் இருக்கிறது. அவற்றுள் 'செட்' என்பது மகா பொல்லாதது.

ஆக்ஸ்போர்டுப் பேரகராதி 1884-ம் வருஷத்திலிருந்து பகுதி பகுதியாக வெளிவந்து 1928-ல் முற்றுப்பெற்றது. 1989-ல் 20 வால்யூம்களாக வந்த அதன் இரண்டாம் பதிப்பில் எல்லாவற்றிலும் நீண்ட விளக்கம் இந்தச் 'செட்' என்னும் வினைச்சொல்லுக்குத்தான். ஏறக்குறைய 60,000 வார்த்தைகள்! தனித்து நிற்கும்போது மட்டும் அதற்கு 430 பொருள். பிற்பாடு 'ரன்' என்ற சொல் அதை முந்திக்கொண்டது. பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியாசிரியர் ஒன்பது மாதத்துக்கு மேல் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டி, 645 பொருள் கண்டதாக 2011-ல் செய்தி வந்தது. போகட்டும், நமக்கு ஒரு பூதம் போதும்.

'செட்' என்பதன் ஆதிப் பொருள் மிகச் சாது. உட்காரவைத்தல், அவ்வளவே. 'சிட்' என்றால் உட்கார். 'செட்' என்றால் உட்காரவை. நம் 'இரு' என்பதிலிருந்து 'இருத்து' பிறந்த மாதிரிதான். இந்தச் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டால் சிறிது தூரம் போகலாம். தங்கத்தில் வைரத்தை இருத்துவதும், ஒடிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதும், கடிகார முள்ளைத் திருப்பி வைப்பதும், எலிக்குப் பொறி வைப்பதும், பரீட்சைக்குக் கேள்வி தயாரிப்பதும் எல்லாம் 'செட்'. சூரியன் மலைவாயில் போய் விழுவதும், சிமெண்டு இறுகுவதும் கூட அதுவே. ஒரு வஸ்து நகராமல் ஓரிடத்தில் அமர்ந்துவிட்டது என்ற எண்ணம் இவற்றிலெல்லாம் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் 'ஒரு ஜதை', 'ஒரு கூட்டம்' என்ற அர்த்தத்தில் வரும் 'செட்' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து குடியேறியது; ஒரு குருவைப் பின்பற்றும் கோஷ்டி என்பது அதன் பூர்வோத்தரம். ஒரே முகமுடைய இருவர் ஒரே வீட்டில் வசித்து, கடைசியில் யார் எவர் என்று வீட்டுக்காரனுக்கே தெரியாமற்போன கதை இது. நாம் பல்செட்டு, பம்புசெட்டு, செட் தோசை என்று சுவீகாரம் எடுத்துக்கொண்டிருப்பது இந்த வந்தேறியைத்தான். இந்நாளைய வாலிபர்களோ, "அந்த உத்தியோகம் எனக்குச் செட் ஆகவில்லை" என்கிறார்கள். இங்கிலீஷ்காரன் கேட்டால் விழிப்பான். 430-உடன் நம் உபயமாக ஒன்று!

நம் பாஷையிலும் இப்படி இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். பேஷாக இருக்கிறது. சளி பிடிக்கிறது, படம் பிடிக்கிறார்கள், சாம்பார் அடி பிடிக்கிறது, சங்கீதம் பிடிக்கிறது. பெண் யானைக்கும் 'பிடி' என்றே பெயர். நாம் தடுமாறுவதில்லை, தாய்மடியில் கற்றது.

'செட்'டின் உண்மையான விஷமம், அதன் வாலில் இன்னொரு குட்டிச் சொல் ஒட்டும்போதுதான் வெளிப்படும். 'செட் அவுட்' என்றால் புறப்படுவது. 'செட் அப்' என்றால் நிறுவுவது. 'செட் இன்' என்றால் மழையோ வியாதியோ வந்து தங்குவது. கோர்ட்டு பாஷையிலோ கேட்கவே வேண்டாம். ஆஜராகாத பிரதிவாதியை 'எக்ஸ் பார்ட்டி'யாகச் 'செட்' செய்வார்கள். 'செட் அசைட்' என்பதைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு.

எனக்குப் பெரியப்பா முறையாக வேண்டிய ஒருவருக்கு வாய்க்கால் பாத்தியதை சம்பந்தமாக முனிசீப் கோர்ட்டில் டிக்ரி கிடைத்திருந்தது. எதிரி அப்பீல் செய்தான். தீர்ப்பு நகல் இங்கிலீஷில் தபாலில் வந்தது. வக்கீல் ஊரில் இல்லை. எட்டாவது வகுப்பில் இங்கிலீஷில் முதல் மார்க்கு வாங்கிய பண்டிதன் நான் இருக்கும்போது வக்கீல் எதற்கு? அகராதியைத் திறந்தேன். 'செட்' — வை. 'அசைட்' — ஒரு பக்கமாக. "பெரியப்பா, உங்கள் டிக்ரியைப் பத்திரமாகத் தனியே எடுத்து வைத்திருக்கிறார்களாம்" என்று முழங்கினேன். அன்று வீட்டில் பாயசம்.

டிக்ரி ரத்தாகிவிட்டது என்பது, எதிரி ஆட்களுடன் வந்து வாய்க்காலை அடைத்தபோதுதான் தெரிந்தது. ஹைகோர்ட்டுக்கு இரண்டாம் அப்பீல் செய்யக் கெடு 90 நாள். அது தாண்டிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. தாமதத்தை மன்னிக்கும்படி வக்கீல் ஒரு மனுப்போட்டார். அதில் காரணத்தைக் காட்டவேண்டுமல்லவா? என் வயதையும் வகுப்பையும் எழுதி, இன்ன சொல்லுக்கு இன்ன பொருள் சொன்னான் என்பதையும் பிரமாணப் பத்திரிகையில் சேர்த்திருந்தார். மனு அனுமதிக்கப்பட்டது. ஆனால் தடையுத்தரவு வாங்கி வருவதற்குள் மூன்று ஏக்கர் குறுவைப் பயிர் தண்ணீரின்றிக் கருகிவிட்டது. பெரியப்பா என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கடிதங்களை மட்டும் என்னிடம் படிக்கக் கொடுப்பதில்லை.