வோல்டேஜ் தரநிலை யாரைக் கட்டுப்படுத்துகிறது?

தரமுத்திரை உள்ள மின்சாதனத்தை வாங்கினால் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் அது தாங்கிக்கொள்ளும் என்பது கடைக்காரரும் வாங்குபவரும் ஒருசேர நம்பும் கருத்து. தர்மபுரி மாவட்டம் தொப்பூர்க் கணவாயை ஒட்டிய ஊர்களைப் போல, ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் குடியிருப்பும் ஒரே ட்ரான்ஸ்பார்மரை நம்பியிருக்கும் இடங்களில் இந்தக் கருத்தைத்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். அது பல இடங்களில் பிழையானது.

முதல் பிழை, தரநிலை எதைக் கேட்கிறது என்பதிலேயே இருக்கிறது. வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கான ஐ.இ.சி. 61000-3-3 தரநிலை, சாதனம் எவ்வளவு தாங்கும் என்று கேட்பதில்லை; சாதனம் லைனை எவ்வளவு ஆட்டிவைக்கிறது என்றே கேட்கிறது. ஒரு பேஸுக்கு 16 ஆம்பியர் வரை எடுக்கும் சாதனங்களுக்கு இது பொருந்தும். சாதனத்தைப் போட்டபின் நிலைத்துவிடும் வோல்டேஜ் மாற்றம் 3.3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். நொடிப்பொழுது சரிவுக்கு, சாதனம் இயங்கும் முறையைப் பொறுத்து, 4, 6 அல்லது 7 விழுக்காடு எல்லை. தாங்கும் திறனைச் சோதிக்க 61000-4-11, 61000-4-14 என வேறு தரநிலைகள் உள்ளன. அயர்ன் பாக்ஸிலும் கெய்சரிலும் காணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையோ முதன்மையாக ஷாக், தீ ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு பற்றியது.

ஆய்வகத்தில் தேறிய சாதனம் எந்த ஊரிலும் தொல்லை தராது என்பது அடுத்த நம்பிக்கை. சோதனை நடப்பது ஒரு கற்பனை லைனில்; சிங்கிள் பேஸ் சாதனத்துக்கு அதன் மின்தடை 0.4 ஓம் என்று வைத்திருக்கிறார்கள். 2,000 வாட் கெய்சர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் எடுக்கும். 0.4 ஓமில் அதனால் விழும் வோல்டேஜ் 3.5, அதாவது 1.5 விழுக்காடு. சோதனையில் தாராளமாகத் தேறிவிடும். அதே கெய்சரை ட்ரான்ஸ்பார்மரிலிருந்து கம்பம் கம்பமாக நீண்டு, 1 ஓம் தடை சேர்ந்த கடைக்கோடி வீட்டில் போட்டால் விழுவது 8.7 வோல்ட், 3.8 விழுக்காடு. எல்லை அங்கேயே தாண்டிவிடுகிறது. சாதனத்தில் குறை எதுவும் இல்லை, குறை லைனில்.

விளக்கு மினுக்குவதற்குப் பெரிய மோட்டார்தான் காரணம் என்பதும் பாதி உண்மையே. நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் 5 ஹெச்.பி. மோட்டார் தன் இயல்பு கரண்ட்டைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கை இழுக்கும். அந்தக் கணத்தில் தெருவே மங்கும். ஆனால் அது எப்போதாவது நிகழ்வது. கண்ணை உறுத்துவது மாற்றத்தின் அளவோடு எத்தனை முறை மாறுகிறது என்பதையும் பொறுத்தது. 60 வாட் குண்டு பல்பின் ஒளியையும் மனிதக் கண்ணின் உணர்வையும் வைத்து வகுத்த கணக்கு இது: நிமிடத்துக்கு ஒரு முறை மாறினால் 2.7 விழுக்காடு வரை பொறுக்கலாம், 10 முறை மாறினால் சுமார் 1.3 விழுக்காடே எல்லை. நொடிக்குப் பல முறை மாறும்போது 0.3 விழுக்காடுகூட உறுத்தும். குறைந்த சூட்டில் வைத்ததும் சில நொடிக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரியும் மலிவு இண்டக்‌ஷன் அடுப்பு, கடைக்கோடி வீட்டில் மோட்டாரைவிட மோசமாக விளக்கை ஆட்ட முடிவது இதனால்தான்.

மாலை முழுக்க விளக்கு டிம்மாகவே எரிந்தால் அது வேறு நோய். அங்கே ஏற்ற இறக்கம் இல்லை, நிலையான லோ வோல்டேஜ் இருக்கிறது; அதற்கு சாதனத் தரநிலையைக் காட்டிப் பயனில்லை. இந்திய மின்சார விதிகள், 1956-இன் 54-ஆம் விதி, தாழ்வழுத்த விநியோகம் அறிவித்த அளவிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று வகுத்தது. 230 வோல்ட் என்றால் 216-க்குக் கீழே போகக் கூடாது. அந்தப் பொறுப்பு மின்சாரம் வழங்குபவருடையது, சாதனம் செய்தவருடையது அல்ல.

ஸ்டெபிலைசர் வாங்கினால் தீர்ந்தது என்பாரும் உண்டு. தன் எல்லைக்குள் வரும் நிலையான லோ வோல்டேஜை அது சமாளிக்கும். ஆனால் வீட்டில் சாதாரணமாக இருக்கும் ரிலே வகை, படிப்படியாகத்தான் மாற்றும். மோட்டார் கிளம்பும் கணத்துச் சரிவை அது பிடிப்பதற்குள் சரிவே முடிந்துவிடலாம். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் பொருளுக்கு, லைனில் 180 வோல்ட் இருக்கும்போது ஸ்டெபிலைசர் ஏறத்தாழ 6.4 ஆம்பியர் இழுக்கும். அந்தக் கூடுதல் கரண்ட், ஏற்கெனவே தளர்ந்த லைனை மேலும் தாழ்த்தும். ஸ்டெபிலைசர் இல்லாத பக்கத்து வீடு அதைச் சுமக்கும்.

ஆகவே சாதனத்தை மாற்றுவதற்கு முன் மீட்டர் பலகை அருகே, தகுந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு, வோல்டேஜை இரண்டு முறை அளந்து பாருங்கள்: மோட்டார்கள் ஓடாதபோது ஒன்று, எல்லாம் ஓடும்போது ஒன்று. இரண்டாவது அளவு 216-க்குக் கீழே இருந்தால் நேரத்தையும் அளவையும் குறித்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.