விருந்தாளியா, அயலவரா?

கண்டி நகரில் வெளிநாட்டுத் தொண்டர்களைக் காண்பது நமக்குப் புதிதல்ல. அவர்களுட் சிலர் சுகாதாரப் பணிக்கென்று ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களுக்கும் வருகின்றனர். சொந்த நாட்டின் வசதிகளை விட்டு மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறி வரும் இவர்களின் நல்ல மனதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் நல்ல மனம் மட்டும் போதுமா என்று கேட்பது நமது கடமையாகும்.

தேவை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டப்புறத்திலோ ஏறக்குறைய 32 சதவீதம். இதற்குக் காரணம் மருந்தில்லாமை மட்டுமல்ல. நாட்சம்பளம், லயத்தின் ஒற்றை அறை, தண்ணீர், மலசலகூடம், விடிந்தால் மலைக்கு ஓடவேண்டிய தாயின் நேரமின்மை என எல்லாம் சேர்ந்தே பிள்ளையின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன.

இத்தகைய இடத்திற்குக் கட்டணம் செலுத்தி இரண்டு வாரத்திற்கு வருபவர் என்ன செய்வார்? பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளை நிறுப்பார், கைகழுவக் கற்பிப்பார், படம் எடுப்பார். போனபின் நிறுத்த கணக்கை யார் பார்ப்பது? எடை குறைந்த பிள்ளையின் வீட்டிற்கு யார் போவது? லயத்துப் பெண்களுக்கு அவர் “வெள்ளைக்காரத் துரைசாணி”. துரைசாணி கேட்டால் “எல்லாம் நல்லம்” என்றே பதில் வரும். வீட்டில் அரிசி இல்லை என்பதையோ, கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்பதையோ வந்து போகிறவரிடம் எந்தத் தாயும் சொல்லமாட்டாள்.

தங்கி வாழ்ந்தவர்களின் கதை வேறு. கனடாவில் பிறந்த டாக்டர் மேரி ரட்ணம் 1896இல் மருத்துவப் பணிக்காக இலங்கை வந்தார். தமிழர் ஒருவரை மணந்து, 1962இல் இறக்கும்வரை இந்நாட்டையே தம் நாடாக்கிக் கொண்டார். கனடாவின் கிராமப்புறப் பெண்கள் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு, 1930களின் தொடக்கத்தில் லங்கா மகிளா சமிதியை ஆரம்பித்தார். வைத்தியம் பார்ப்பதோடு நில்லாது, கிராமப் பெண்களே கூடித் தம் நலனைக் கவனிக்க வழிசெய்தார். 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அவர் தொடங்கிய சமிதி அவருக்குப் பின்னும் வாழ்ந்தது என்பதே அவரது பணியின் அளவுகோல்.

எல்லாரும் ஆயுள் முழுவதும் தங்கவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஓராண்டாவது இருக்கட்டும். முதல் மாதங்களில் தமிழ் பேசப் பழகட்டும். அயற் கிராமத்தாருடன் உறவாடச் சிறிது சிங்களமும் வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரின் பின்னால் நடக்கட்டும். அவருக்கு முன்னால் அல்ல. மருந்து கொடுப்பது இவர்களின் வேலையல்ல. அதற்குரிய பதிவும் பொறுப்பும் உள்ளவர்கள் இங்கே இருக்கின்றனர். சோறு உண்டவுடன் தேத்தண்ணீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதை, அதே லயத்தில் அதே தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே பேச முடிந்தால், அந்தப் பேச்சுக்கு மதிப்புண்டு.

எல்லாவற்றிலும் மேலாக, வருபவர் ஒவ்வொருவரும் லயத்துப் பெண்பிள்ளைகள் இருவரையாவது தம் வேலைக்குப் பழக்கிவிட்டே செல்லவேண்டும். சாதாரண தரம் வரை படித்துவிட்டுக் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ வீட்டு வேலைக்குப் போகக் காத்திருக்கும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு மொழி தெரியும். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை வாடுகிறது என்பதும் தெரியும். பயிற்சியும் மாதாந்தம் ஒரு கொடுப்பனவும் கிடைத்தால் அவர்களே நிலையான சுகாதாரத் தொண்டர்கள். தொண்டரை அனுப்பும் அமைப்புகள் விமானச் சீட்டுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாகாதா?

தம் சுகாதாரப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் பங்குபற்றுவது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என 1978இல் அல்மா-ஆட்டா பிரகடனம் கூறியது. ஆகவே, தொண்டரை வரவேற்கும் முன் தோட்டத்து மாதர் சங்கங்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: எவ்வளவு காலம் இருப்பீர்கள்? யாரிடம் பழகுவீர்கள்? யாரைப் பழக்கிவிட்டுப் போவீர்கள்? தகுந்த பதில் சொல்பவருக்கு நம் லயத்தில் இடமுண்டு. மற்றவர்களை விருந்தாளிகளாக உபசரித்து, அன்போடு வழியனுப்பி வைப்போம்.