பாஸ் செய்தவனுக்கு ஒரு வரி வராது

கொஞ்சம் காரமாகத்தான் எழுதப் போகிறேன். கோபம் வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 பாஸ் செய்தேன். அம்மா சான்றிதழை லேமினேட் செய்து வைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு ஜப்பானியரைச் சந்திக்க நேர்ந்தது. சிரித்துக்கொண்டே கேட்டார்: "கினோ, நானி ஒ ஷிமஷிதா க?" நேற்று என்ன செய்தீர்கள் என்று அர்த்தம். கேள்வி முழுசாகப் புரிந்தது. பதிலுக்கு வேண்டிய வார்த்தைகளும் தெரியும். ஆனால் வாயிலிருந்து வந்தது "ஹாய்" மட்டும்தான், அதாவது "ஆமாம்". நேற்று என்ன செய்தாய் என்றால் ஆமாம் என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் :-)

காரணம் எளிது. 1984-இல் தொடங்கிய இந்தத் தேர்வில் 2010 முதல் என்5-இலிருந்து என்1 வரை ஐந்து நிலைகள். ஐந்திலுமே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு வாக்கியம் எழுத வேண்டாம், பேச வேண்டாம். தேர்வைக் குறை சொல்லவில்லை, அது படித்தால், கேட்டால் புரிகிறதா என்று பார்க்கிறது. அதை மட்டுமே மொழி என்று நம்பி, மாதிரி வினாத்தாளாகத் தின்று தீர்க்கிறோமே, அந்த நம்மைத்தான் சொல்கிறேன்.

இதற்கு மருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் ராத்திரி நான்கு வரி, அன்று நடந்ததை ஜப்பானிய மொழியில். அவ்வளவுதான்.

முதல் நாளே என் வண்டவாளம் தெரிந்துவிட்டது. "பஸ்ஸில் ஏறினேன், பஸ்ஸில் தூங்கினேன்" என்று எழுத உட்கார்ந்தேன். தமிழில் இரண்டும் "பஸ்ஸில்". ஜப்பானிய மொழியில் ஏறினால் "பஸு நி", தூங்கினால் "பஸு தெ". வினாத்தாளில் நான்கு விடைகள் கண் முன்னால் இருக்கும், குத்துமதிப்பாக அடித்துவிடலாம். வெள்ளைத் தாளில் அந்த வசதி கிடையாது. எனக்கு எது தெரியாது என்பதே அன்றுதான் தெரிந்தது.

"இலக்கணம் முழுசாகக் கற்ற பிறகு எழுதலாமே" என்கிறார்கள் வகுப்பில். பி.காம். படிக்கிற நாமா இப்படிப் பேசுவது? நடவடிக்கை நடந்ததும் முதலில் குறிப்பேடு, பிறகுதான் பேரேடு. தப்பாகப் பதிந்தால் பக்கத்தைக் கிழிக்கிறோமா? திருத்தப் பதிவு போடுகிறோம். தப்பே வராத நாளில் கணக்கு எழுதுவேன் என்று காத்திருந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

"தப்பு அப்படியே பழகிவிடாதா?" இது நியாயமான கேள்வி. யாருமே பார்க்காவிட்டால் பழகும்தான். அதனால் வாரம் ஒருமுறை ஆசிரியரிடமோ சீனியரிடமோ ஒரு பக்கத்தை நீட்டுங்கள். ஒரு தப்பைத் திருத்திக்கொண்டு, அதே வாக்கியத்தை அடுத்த வாரம் வேறு விஷயத்துக்குப் பயன்படுத்துங்கள்.

"போனே மொழிபெயர்த்துத் தருகிறதே?" தரும். அப்புறம் அது போனின் டைரி. எழுதி முடித்தபின் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள், எழுதுவதற்கு முன்னால் வேண்டாம்.

ஜப்பானில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை வீட்டுப்பாடமாகவே "எநிக்கி" எழுதச் சொல்வார்கள். மேலே ஒரு படம், கீழே அன்றைய நாளைப் பற்றிச் சில வரிகள். சொந்த மொழியை அந்தப் பிள்ளைகளே எழுதி எழுதித்தான் பழகுகிறார்கள். நமக்கு மட்டும் கட்டத்தைக் கறுப்பாக்கினால் வந்துவிடுமாம்!

என் நோட்டில் இன்று அறுபத்தோராவது நாள். பாதி வரிகளில் தப்பு இருக்கும். ஆனால் நேற்று என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், இனி "ஆமாம்" என்று சொல்ல மாட்டேன்.

பி.கு: என்4-க்கு மாதிரி வினாத்தாள் கேட்டு வருகிறவர்களுக்குத் தருகிறேன். முதலில் உங்கள் நான்கு வரியைக் காட்டுங்கள்.