அலைவதும் ஆக்குவதும்

மாணவர்கள் மெய்நிகர் உலகங்களில் அலைந்து திரிவது பெற்றோருக்குப் பெருங்கவலை. கவலை நியாயமானதே. ஆயினும், அவ்வுலகம் எவ்வாறு ஆக்கப்பட்டது எனக் கேட்கத் தொடங்கிவிட்ட பிள்ளையைத் தடுப்பது தவறு என்பேன்.

1972 இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த எட் கட்மல், தமது இடக்கையின் வார்ப்பொன்றைச் செய்து, அதன்மீது சிறு பலகோணங்களை வரைந்தார். மூலைகளை ஒவ்வொன்றாக அளந்து, ஆள்கூறுகளைக் கணினியில் பதித்தார். திரையில் அக்கை விரல் மடக்கியது! பிற்காலத்தில் பிக்சார் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவரானார்.

நம் பிள்ளைகள் வகுப்பில் கொட்டாவி விட்டபடி கற்கும் ஆள்கூற்றுக் கேத்திரகணிதந்தான் அங்கே விரலாக அசைந்தது. ஆசிரியர்கள் ஏனோ இதைச் சொல்வதில்லை. பிளெண்டர் என்னும் முப்பரிமாண வரைகலை மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கணினியைப் பறிக்குமுன், ஒரு தேநீர்க் கோப்பையையேனும் அதில் செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள்.