கண்ணாடித் தொட்டியும் காட்டின் அழிவும்

"தன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஒரு சலமாந்தரை வளர்ப்பவன் எவருக்குத் தீங்கிழைக்கிறான்?" என வினவுவோர் உளர். பிறநாட்டு ஈரூடகவாழிகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்தலாகாது என்போரின் வலிய படைக்கலம் இவ்வினாவே. நெதர்லாந்தின் காடுகள் இதற்கு விடை தந்துள்ளன.

அங்கு 2010 ஆம் ஆண்டளவில் தீச்சலமாந்தர்கள் மடியத் தொடங்கின. மூன்றாண்டுகளில் நூற்றுக்கு நான்கே எஞ்சின. அவற்றின் தோலை அரித்தது அதுவரை அறிவியல் அறியாத ஒரு கைற்றிட் பங்கசு என்பது 2013 இல் வெளிப்பட்டது. அது ஆசியாவிற்குரியது என்பதையும், வளர்ப்பு விலங்கு வணிகமே அதனை ஐரோப்பாவுக்குக் கொணர்ந்திருத்தல் வேண்டும் என்பதையும் அடுத்த ஆண்டின் ஆய்வு உணர்த்திற்று. ஆசிய இனங்கள் சில அதனைத் தாங்கியவாறே நலமாக உலவுகின்றன. நோய்க்குறி காட்டாத விலங்கே நோயைக் காவிச் செல்லுமாயின், "எமது விலங்குகள் ஆரோக்கியமானவை" என்னும் வணிகரின் உறுதிமொழிக்குப் பெறுமதி யாது?

இதற்கு நெருங்கிய உறவான மற்றொரு பங்கசு, தவளைகளின் தோலைப் பற்றி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து, இதயத்தை நிறுத்துகிறது. 2019 இல் வெளியான கணக்கீட்டின்படி 501 இனங்களின் வீழ்ச்சிக்கு அது காரணமாயிற்று. அவற்றுள் 90 இனங்கள் அழிந்தனவாகக் கருதப்படுகின்றன. இங்கு நல்லெண்ணமும் காவலாகாது. மயோர்க்காத் தீவின் அரிய தேரையைக் காக்கவென அதனை அடைப்பில் இனம்பெருக்கினர். அதே இடத்திலிருந்த ஆபிரிக்கத் தவளைகளிடமிருந்து தொற்றிய பங்கசும் அத்தேரைகளுடன் சேர்ந்தே தீவை அடைந்தது.

"பங்கசு ஏற்கெனவே பரவிவிட்டது, இனித் தடுத்துப் பயனென்ன?" என்பது அடுத்த வாதம். பரவியிருப்பது ஒரே வடிவமன்று. அதற்குப் பல கிளைவழிகள் உள. வெவ்வேறு கண்டத்து விலங்குகளை ஓரிடத்தில் அடைக்கும் வணிகம், அக்கிளைவழிகள் கலந்து புதியன பிறக்க வாய்ப்பளிக்கிறது.

2016 இல் ஐக்கிய அமெரிக்கா 201 சலமாந்தர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது. தடை ஒன்றே வழி என்பதன்று எமது வாதம். தொற்றுற்ற தீச்சலமாந்தரை 25 பாகை செல்சியசில் 10 நாட்கள் வைத்திருப்பின் அப்பங்கசு ஒழியும் என்பது 2015 இல் காட்டப்பட்டது. தனிமைப்படுத்தல், பரிசோதனை, தொட்டிநீரின் தொற்றுநீக்கம் ஆகியன இயலாதன அல்ல. அவற்றின் செலவை ஏற்கும் மனமே இல்லை. இலாபம் வணிகனுக்கு, இழப்பு காட்டிற்கு என்பது எவ்வகை நீதி? நோயில்லை என நிறுவும் பொறுப்பு விற்பவன் மீது சுமத்தப்படும்வரை, "தனிப்பட்ட பொழுதுபோக்கு" என்பது பொதுச்சொத்தின் அழிவுக்கு இட்ட அழகிய பெயரேயாகும்.