பூம்பாறையை நாம் பார்த்தோமா?

போன வாரம் மகன் குடும்பத்தோடு பூம்பாறை போய் வந்தோம். "படம் போடுங்க சார்" என்று பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். படத்துக்குப் பதிலாக மனதில் பட்டதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் போகும் சாலையில், ஊருக்கு மேலே ஒரு வளைவு. அங்கே நின்றால் படிப்படியாக வயல்கள், நடுவில் நெருக்கியடித்த வண்ண வீடுகள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வண்டிகள் வருகின்றன, செல்ஃபி எடுக்கிறார்கள், கிளம்புகிறார்கள். நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் ஒரு வண்டிகூட ஊருக்குள் இறங்கவில்லை.

இறங்கினால் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. அருணகிரிநாதரைக் காக்க முருகன் குழந்தை வடிவில் வந்தார் என்பது தலவரலாறு. மூலவரைச் செய்தவர் பழனியைப் போலவே போகர் என்கிறார்கள். அந்தப் படிவயல்களில் விளைவதுதான் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. புகைமூட்டிப் பக்குவப்படுத்தி வைப்பார்களாம். ஒரு வீட்டு வாசலில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் ஒரு கிலோ வாங்கினோம். "மேல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க, நீங்கதான் இறங்கி வந்திருக்கீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படிப் போனவன்தான்.

பணியில் இருந்தபோது ஏழெட்டு முறையாவது பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஏரி, தூண்பாறை, சாக்லேட் கடை, திரும்பு. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் வந்து உண்டாக்கிய ஊர் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். அதற்கும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே பழனிமலையில் மனிதர்கள் வாழ்ந்து, இறந்தவர்களுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். பேத்துப்பாறை, தாண்டிக்குடிப் பக்கம் இன்றும் கல்திட்டைகள் நிற்கின்றன. பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல் மூடி. குள்ளர் வீடு, பாண்டவர் வீடு என்பார்கள். செண்பகனூரில் இருந்த ஆங்லேட் பாதிரியார் இவற்றைத் தேடித்தேடி ஆராய்ந்தார். 1928-ல் தொல்லியல் துறை அதைப் புத்தகமாகவே போட்டது. எங்கிருந்தோ வந்தவர் எழுதி வைத்ததை, அடிவாரத்தில் வேலை பார்த்த வாத்தியார் நான் ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

ஒரே ஒரு முறை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன், அதுவும் வழியில் வேன் பழுதானதால். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மூடுகல் மேல் ஏறி, சின்னக் கல்லால் தன் பெயரைக் கீறினான். நான் பார்த்தேன். "சீக்கிரம் இறங்குடா, வண்டி ரெடியாயிருச்சு" என்று மட்டும் சொன்னேன். அது ஒரு மனிதனின் கல்லறை என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கே தெரியாது.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலாப் பட்டியலில் இரண்டு இடத்தை வெட்டிவிட்டு, ஒரு கல்திட்டையையும் ஒரு மலைக்கிராமத்தையும் சேருங்கள். முதல்நாள் வகுப்பிலேயே அது என்னவென்று சொல்லிவிடுங்கள். வழிகாட்ட உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், கூலியும் கொடுங்கள்.

அந்தப் பையன் இப்போது என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறான். இதைப் படிப்பான். தம்பி, உன் மேல் கோபமில்லை. அடுத்த முறை உன் பிள்ளைகளோடு போகும்போது சொல், நானும் வருகிறேன்.